நகர்மன்றம் எதைச் செய்யும், நகராட்சி அலுவலகம் எதைச் செய்யும்? வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சிறு நகராட்சிகளின் அன்றாட அலுவல்களைப் பற்றியவை. எழுதியவர்களின் பெயர்களையும் ஊர்களையும் நீக்கிவிட்டு, பலருக்கும் பொதுவான கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அலுவலகத்தில் கேட்க வேண்டியதைக் கவுன்சிலரிடமும், மன்றத்தில் எழுப்ப வேண்டியதை அலுவலகக் கவுன்டரிலும் கேட்டு அலைந்தவர்களே இவர்களில் மிகுதி.

கேள்வி: பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிய எங்கள் தெருவை மண் போட்டு மூடிவிட்டுப் போய்விட்டார்கள். கவுன்சிலர் "நிதி வரவில்லை" என்கிறார். உதவிப் பொறியாளர் "மன்றத்தில் வைக்க வேண்டும்" என்கிறார். யார் சொல்வது உண்மை? (ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்)

பதில்: இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அதற்கு முன்பாக நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பாதாளச் சாக்கடைத் திட்ட மதிப்பீட்டிலேயே சாலையைச் சீரமைக்கத் தொகை சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பொறியியல் பிரிவில் எழுத்து மூலம் கேளுங்கள். சேர்க்கப்பட்டிருந்தால் அது ஏற்கெனவே ஒப்பந்தத்தில் அடங்கிய வேலை. அதற்குப் புதிய நிதியும் வேண்டியதில்லை, புதிய தீர்மானமும் வேண்டியதில்லை; ஒப்பந்ததாரரை முடிக்க வைக்க வேண்டியது அலுவலகத்தின் பொறுப்பு.

சேர்க்கப்படவில்லை என்றால், உங்கள் தெரு மற்ற தெருக்களைப் போலவே முழுப் பயணத்தையும் செய்தாக வேண்டும். பொறியியல் பிரிவு தெருவை அளந்து மதிப்பீடு தயாரிக்கும். தொகைக்கேற்ற நிலையிலுள்ள பொறியாளரிடம் தொழில்நுட்ப அனுமதி பெறப்படும். எந்த நிதியிலிருந்து செலவு செய்வது என்று குறிக்கப்பட்டு, மாதக் கூட்டத்தில் மன்றத்தின் முன் விவாதப் பொருளாக வைக்கப்படும். அந்தப் பொருளின் நடை எந்த ஊரிலும் பெரிதாக மாறுவதில்லை. குறிப்பிட்ட வார்டில் குறிப்பிட்ட தெரு "குண்டும் குழியுமாக உள்ளதால் பொதுமக்கள் போக்குவரத்துக்கு இடையூறாக உள்ளது" என்று தொடங்கி, மதிப்பீட்டுத் தொகையைச் சொல்லி, "மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது" என்று நிற்கும். அதன் கீழே "அலுவலகக் குறிப்பு: மன்றம் அனுமதிக்கலாம்" என்று ஒரு வரி இருக்கும். மன்றம் அனுமதித்த பிறகு, 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத் தன்மைச் சட்டத்தின்படி ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டு, தகுதியுள்ளவர்களில் குறைந்த தொகை கேட்டவருக்குப் பணி உத்தரவு வழங்கப்படும். செய்த வேலையைப் பொறியாளர் அளந்து அளவுப் புத்தகத்தில் பதிந்த பிறகுதான் ஒப்பந்ததாரருக்குப் பட்டியல் (பில்) தொகை போகும்.

"நிதி வரவில்லை" என்பதிலும் உட்பொருள் உண்டு. நகராட்சியின் பணம் ஒரே பையில் இருப்பதில்லை. வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி என்று தனித்தனிக் கணக்குகள் இருக்கின்றன. ஒன்றில் மிச்சம் இருக்கிறது என்பதற்காக இன்னொன்றின் செலவுக்கு எடுத்துவிட முடியாது. ஒன்றிய நிதிக்குழு மானியத்திலும் கணிசமான பகுதி குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டுப்பாட்டோடுதான் வருகிறது. ஆகவே தெருச் சாலைகள் பெரும்பாலும் பொது நிதியையோ, கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் போன்ற மாநிலத் திட்ட நிதியையோ எதிர்பார்த்து நிற்கின்றன. தெருவாசிகள் ஒரு பங்கைச் செலுத்த முன்வந்தால் "நமக்கு நாமே" திட்டத்திலும் கேட்கலாம்.

சாலை போடும் நாளில் ஒன்றைக் கவனியுங்கள். பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்தவரே அறிவுறுத்தியிருந்தார். அப்படிச் செய்யாமல் மேலுக்கு மேல் போட்டால், அடுத்த மழையில் தெருத் தண்ணீர் உங்கள் வாசற்படி ஏறும். சந்தேகம் இருந்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் விண்ணப்பக் கட்டணத்தில் மதிப்பீட்டின் நகலையும் அளவுப் புத்தகப் பக்கங்களின் நகலையும் கேளுங்கள். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வேலை நடக்கும் இடத்தைப் பார்வையிடுவதும், பயன்படுத்தும் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறுவதும் அந்த உரிமைக்குள் அடங்கும் என்பது பலருக்கும் தெரிவதில்லை.

கேள்வி: 2022இல் முதன்முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் உறுப்பினர் நான். கூட்டத்துக்கு முன் தடித்த அஜெண்டா ஒன்று வருகிறது. கூட்டம் தொடங்கியதும் யாராவது "ஆல் பாஸ்" என்கிறார்கள், எல்லாம் முடிந்துவிடுகிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: இந்தக் கேள்வியை உங்கள் கணவரோ தம்பியோ எழுதாமல் நீங்களே எழுதியிருப்பதற்கு முதலில் நன்றி. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பது, கூட்டத்தில் கையெழுத்திட்டுவிட்டு தேநீர் குடித்துப் போவதற்காக அன்று.

அஜெண்டா முழுவதையும் ஒரே கவனத்தோடு படிக்க வேண்டியதில்லை. பிறப்பு இறப்புப் புள்ளிவிவரம், அரசுச் சுற்றறிக்கையைப் பதிவு செய்தல் போன்றவை வெறும் தகவலுக்காக வருபவை. அவற்றை விரைவாகப் புரட்டிவிடலாம். "பின்னேற்பு" என்ற சொல் வரும் இடத்தில் நிறுத்துங்கள். வேலையை முதலில் செய்துவிட்டோ, செலவை முதலில் செய்துவிட்டோ, இப்போது மன்றத்தின் ஒப்புதலைக் கேட்கிறார்கள் என்று அதற்குப் பொருள். குடிநீர்க் குழாய் உடைப்பு, மோட்டார் பழுது, பெருமழை போன்ற அவசரங்களுக்கு அது நியாயமே. ஆனால் குறுஞ்செலவுகள் பலவாகப் பிரிக்கப்பட்டு மாதாமாதம் அதே வகையில் பின்னேற்புக்கு வந்தால், ஏன் முன்கூட்டியே ஒப்பந்தப்புள்ளி கோரவில்லை என்று கேட்பது உங்கள் கடமை. மின்மோட்டார் பழுது நீக்கம் என்று ஒரே நீரேற்று நிலையம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால், புதிய மோட்டாரின் விலை என்ன என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்; கூடம் சற்று அமைதியாகும்.

அடுத்து, குத்தகை தொடர்பான பொருள்கள். தினசரிச் சந்தை, வாரச்சந்தை, பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பிடம், இருசக்கர வாகன நிறுத்துமிடம், நகராட்சிக் கடைகள் ஆகியவைதான் வரி தவிர்த்த வருவாயின் வேர். சென்ற முறை எவ்வளவுக்குப் போனது, இம்முறை எத்தனை பேர் கேட்டார்கள், நிலுவை எவ்வளவு என்ற மூன்றையும் கேளுங்கள். ஏலம் பலமுறை வைத்தும் யாரும் கேட்க வரவில்லை என்று அலுவலகக் குறிப்பு சொன்னால், விளம்பரம் எங்கே வெளியானது என்றும் கேளுங்கள். குத்தகைக்குப் போன கழிப்பிடத்தில் கட்டணப் பலகை வைக்கப்பட்டிருக்கிறதா, பலகையில் எழுதிய தொகைதான் வாங்கப்படுகிறதா என்பதை அஜெண்டா சொல்லாது. பேருந்து நிலையத்துக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்கு வாருங்கள்.

"ஆல் பாஸ்" என்ற குரல் எழும்போது நீங்கள் உரக்கச் சண்டையிட வேண்டியதில்லை. குறிப்பிட்ட பொருள் எண்ணைச் சொல்லி, அதன் மீது உங்கள் மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் கொடுத்து, நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் பதிவு செய்யுமாறு தலைவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பான்மையால் தீர்மானம் நிறைவேறினாலும், தணிக்கையில் அந்தப் பொருள் எடுக்கப்படும் நாளில் பேசப்போவது அந்த எழுத்துதான். அடுத்த கூட்டத்தில் முந்தைய கூட்டத்தின் நடவடிக்கைகள் உறுதி செய்யப்படும்போது, நீங்கள் கொடுத்தது இடம்பெற்றிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். நகராட்சியில் நியமனக் குழு, ஒப்பந்தக் குழு, வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு என்று தனிக் குழுக்களும் உண்டு. மாதக் கூட்டத்தின் ஆரவாரத்தைவிட அங்கே சில உறுப்பினர்கள் சேர்ந்து கோப்பைப் புரட்டுவதே பயன் தரும் என்பது என் எண்ணம்.

கேள்வி: மாடி கட்டியதால் சொத்து வரி ஏறிவிட்டது. கவுன்சிலரிடம் சொன்னால் குறைப்பார்களா?

பதில்: மாட்டார்கள், அவருக்கு அந்த அதிகாரம் இல்லை. வரி வீதத்தைப் பொதுவாக நிர்ணயிப்பது அரசாணையும் மன்றத் தீர்மானமும். 2022 ஏப்ரலில் சென்னை தவிர்த்த நகர்ப்புறங்களில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு என்று உயர்த்தப்பட்டது அந்த வகை. ஆனால் உங்கள் ஒரு வீட்டுக்கு எவ்வளவு என்பது அலுவலகம் எடுக்கும் அளவைப் பொறுத்தது. வரி உயர்வு அறிவிப்பில் குறித்துள்ள பரப்பளவையும், கட்டட வகையையும், பயன்பாட்டையும் முதலில் சரிபாருங்கள். தன் குடும்பம் வசிக்கும் மாடியை வாடகைக்கு விட்டதாகவோ, வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையைக் கட்டடமாகவோ பதிந்துவிடுவது அரிதல்ல. தவறு இருந்தால் அறிவிப்பில் குறித்த காலக்கெடுவுக்குள் ஆணையருக்குச் சீராய்வு மனு கொடுங்கள். அதிலும் தீரவில்லையென்றால் மேற்சொன்ன வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழுவை அணுகலாம். கவுன்சிலர்கள் சட்டப்படி உங்கள் வரியைப் பேசும் இடம் அதுதான்.

வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும் அந்தந்த அரையாண்டுக்குச் செலுத்துவோருக்கு 5 விழுக்காடு, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, ஊக்கத்தொகை உண்டு. வரியோடு சேர்த்து நூலக வரியும் வாங்கப்படுகிறது என்பதையும் நினைவூட்டுகிறேன். உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் புதிய நூல் வரவில்லையென்றால் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இன்னொன்று: வரி ரசீதில் பெயர் இருப்பதாலேயே சொத்து உங்களுடையதாகிவிடாது. பாகப்பிரிவினை வழக்குகளில் ரசீதை மட்டும் நீட்டி ஏமாந்தவர்கள் ஏராளம்.

கேள்வி: பேத்தி பிறந்தபோது பெயர் வைக்காததால் பிறப்புச் சான்றிதழில் அந்த இடம் காலியாக இருக்கிறது. மன்றத்தில் தீர்மானம் போட வேண்டும் என்று இடைத்தரகர் ஒருவர் பணம் கேட்கிறார்.

பதில்: ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பிறப்புப் பதிவுக்கும் மன்றத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது 1969ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி பிறப்பு இறப்புப் பதிவாளர் செய்யும் வேலை. பிறப்பைப் பதிவு செய்த ஓராண்டுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம்; அதன் பிறகு பதினைந்து ஆண்டுகள் வரை சிறு கட்டணத்துடன் சேர்க்கலாம். பெற்றோர் உறுதிமொழியோடு சுகாதாரப் பிரிவில் விண்ணப்பித்தால் போதும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் முதலியவற்றில் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழே ஆதாரம் என்பதால், எழுத்துப்பிழை இல்லாமல், ஆங்கில எழுத்துக்கூட்டலையும் அன்றே உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: தெரு நாய்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட மன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. ஆணையர் செயல்படுத்தவில்லை. இது மன்றத்தை அவமதிப்பது ஆகாதா?

பதில்: ஆகாது. மத்தியச் சட்டத்துக்கும் அதன் கீழுள்ள விதிகளுக்கும் எதிரான தீர்மானத்தை எந்த மன்றமும் செயல்படுத்த வைக்க முடியாது. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் கருத்தடை விதிகளின்படி, நாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22ஆம் நாள் ஆணையில் இதையே சொல்லி, வெறிநோய் கண்ட, நோய்ச் சந்தேகமுள்ள, மூர்க்கமான நாய்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. அதே ஆண்டு நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து பிடிக்கும் நாய்களைக் காப்பகத்துக்கு மாற்ற உத்தரவிட்டது. உங்கள் மன்றத்துக்கு உண்மையான ஆர்வம் இருந்தால், கருத்தடை மையத்துக்கு இடம், கால்நடை மருத்துவர், அங்கீகாரம் பெற்ற அமைப்புடன் ஒப்பந்தம், நாய் ஒன்றுக்கு ஆகும் செலவு ஆகியவற்றுக்கு நிதி ஒதுக்கித் தீர்மானம் போடட்டும். பாதி நாய்களுக்கு மட்டும் செய்துவிட்டு நிறுத்தினால் எண்ணிக்கை பழைய நிலைக்கே திரும்பிவிடும் என்பதையும் அந்தத் தீர்மானத்தில் கணக்கில் கொள்ள வேண்டும்.

கேள்வி: கிராமத்தில் கிராம சபை இருப்பதுபோல் நகரத்தில் சாதாரண மக்கள் பேச இடம் உண்டா?

பதில்: உண்டு. 2022இல் வந்த விதிகளின்படி வார்டு குழுவும் பகுதி சபையும் அமைக்கப்பட வேண்டும். 2022 நவம்பர் 1ஆம் நாள், உள்ளாட்சி நாளில், தமிழ்நாடெங்கும் பகுதி சபைகள் கூட்டப்பட்டன. அப்பகுதி வாக்காளர்கள் பேசலாம். மாதாந்திர நகர்மன்றக் கூட்டத்தில் உங்களுக்குப் பேச உரிமை கிடையாது, இங்கே உண்டு. பகுதி சபை முன்வைப்பது பரிந்துரைதான், மன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் தெரு விளக்கு, குப்பை வண்டி வரும் நேரம், குடிநீர் திறக்கும் முறை போன்றவற்றை எழுத்தில் கொண்டுவர அதைவிட எளிய வழி இல்லை. உங்கள் வார்டில் அது கூட்டப்படவே இல்லை என்றால், கடைசியாகக் கூடிய தேதியையும் அதன் நடவடிக்கைக் குறிப்பின் நகலையும் ஆணையருக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதே கடிதத்தின் நகலை நகராட்சி நிர்வாக மண்டல இயக்குநருக்கு அனுப்புங்கள்.