தொழில்முறையில் ஆடாதவர் பயிற்சியாளர் ஆகலாமா?

முழங்கால் காயத்தால் கல்லூரியோடு ஆட்டம் நின்றுபோச்சு, இனி தொழில்முறை கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஆக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும் நண்பரே. எரிக் ஸ்போல்ஸ்ட்ரா என்ற பயிற்சியாளர், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏ-வில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. 1995-இல் மயாமி ஹீட் அணியின் வீடியோ அறையில்தான் சேர்ந்தார். 2008-இல் தலைமைப் பயிற்சியாளர். 2012, 2013 இரண்டிலும் கோப்பை. நடுவில் 13 வருஷம், அதையும் கணக்கில் வையுங்கள்.

அதனால் உங்களைத் தேடி வந்திருக்கும் வீடியோ உதவியாளர் வேலையை விட்டுவிடாதீர்கள், சம்பளம் குறைவென்றாலும். எதிரணி பிக் அண்ட் ரோலை (பந்து வைத்திருப்பவருக்காக ஒரு வீரர் தடுப்பாளரை மறித்து நின்று, உடனே கூடையை நோக்கி ஓடும் உத்தி) எப்படித் தடுக்கிறது, டைம் அவுட்டுக்குப் பிறகு என்ன ஆடுகிறது என்று திரும்பத் திரும்பப் பார்த்தால் கண் பழகிவிடும். ஆனால் திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட வேண்டாம். மாலையில் ஒரு சிறுவர் அணிக்காவது பயிற்சி கொடுங்கள். ஆட்களைப் பேசி வழிக்குக் கொண்டுவருவது அங்கேதான் கைவரும். பயிற்சியாளர் உரிமத்தையும் அதோடு சேர்த்தே முடித்துவிடலாம்.