இம்யூனோதெரபி எடுத்தால் புற்றுநோய் முழுசாகக் குணமாகுமா? கீமோ தேவைப்படாதா?

அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்த அன்று நானும் டாக்டரிடம் இதையேதான் கேட்டேன். "பயாப்ஸியில் பிடி-எல்1 எவ்வளவு என்று வரட்டும், பிறகு பேசலாம்" என்றார்.

நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களான நம் டி செல்கள் சொந்த உடம்பையே தாக்கிவிடாமல் இருக்க, அவற்றில் பிடி-1 என்று ஒரு பிரேக் உண்டு. புற்றுநோய் செல்கள் பல, பிடி-எல்1 புரதத்தைக் காட்டி அந்த பிரேக்கை அழுத்திவிடும். பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற இம்யூனோதெரபி மருந்துகள் அதை விடுவிக்கின்றன, அவ்வளவுதான். புற்றுநோயைக் கொல்வது நம் டி செல்களே. இந்த வழியைத் திறந்ததற்காகத்தான் ஜேம்ஸ் ஆலிசன், தசுகு ஹோஞ்சோ இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கட்டியின் செல்களில் 50 சதவீதமோ அதற்கு மேலோ பிடி-எல்1 காட்டினால் சில நுரையீரல் புற்றுநோய்களுக்கு கீமோ இல்லாமலே தொடங்கலாம். அப்பாவுக்குக் குறைவு. அதனால் முதலில் கீமோவோடு சேர்த்து நான்கு முறை, அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை இம்யூனோதெரபி மட்டும்.

முடி கொட்டாது, வாந்தி குறைவு என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஐந்தாவது மாதம் அப்பா வெயில் காலத்திலும் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குரல் கரகரத்தது. நோய் முற்றிவிட்டது என்றே நினைத்து அழுதோம். டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையில் காரணம் தெரிந்தது: விடுவித்த டி செல்கள் தைராய்டைத் தாக்கியிருந்தன. தினமும் ஒரு தைராய்டு மாத்திரை, சில வாரங்களில் தேறிவிட்டார். இதே தாக்குதல் குடலிலோ நுரையீரலிலோ நடந்தால் ஆபத்து. வயிற்றுப்போக்கோ புதிய மூச்சுத்திணறலோ வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் அன்றைக்கே மருத்துவமனையைக் கூப்பிடுங்கள்.

சரி, குணமாகுமா? எந்தப் புற்றுநோய் என்பதைப் பொறுத்தது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் பரவிய நிலையில், இரண்டு இம்யூனோதெரபி மருந்துகளைச் சேர்த்து எடுத்தவர்களில் சுமார் 43 சதவீதம் பேர் பத்து ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருப்பதாக 2024-ல் வந்த ஆய்வு சொல்கிறது. ஒரு குறிப்பிட்ட மரபணுக் கோளாறுள்ள மலக்குடல் புற்றுநோயில், 2022-ல் வெளியான ஆய்வின் முதல் 12 பேருக்கும் அறுவை சிகிச்சை இல்லாமலே கட்டி மறைந்தது. ஆனால் கணையப் புற்றுநோயில் பெரும்பாலானோருக்கு இது பலன் தருவதில்லை. டி செல்களை வெளியே எடுத்து மாற்றியமைத்துத் திரும்பச் செலுத்தும் கார்-டி, சில ரத்தப் புற்றுநோய்களில் அற்புதம் செய்கிறது, நுரையீரல், கணையம் போன்ற உறுப்புகளில் வரும் திடக் கட்டிகளில் இன்னும் திணறுகிறது.

அதனால் பிடி-எல்1, எம்எஸ்ஐ (டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் திறனில் கோளாறு உண்டா என்று பார்ப்பது), ஈஜிஎஃப்ஆர் (அந்த மரபணுவில் மாற்றம் உண்டா என்று பார்ப்பது), இவற்றில் உங்கள் நோய்க்கு எந்தப் பரிசோதனை பொருந்தும் என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்பாவுக்கு இது இரண்டாவது வருடம். போன ஸ்கேனில் கட்டி மறையவில்லை, வளரவும் இல்லை.