சங்கராபரணம் தெரியும், ஸ்டாஃப் நொட்டேஷன் தெரியாது

கேள்வி: உயர்தரத்தில் கர்நாடக சங்கீதம் படித்தேன். கோயில் பாடகர் குழுவுக்கு 6 வருடமாகக் கேள்வி ஞானத்தில் கீபோர்ட் வாசிக்கிறேன். கனடாவில் ஒரு பல்கலைக்கழக இசைத்துறையில் இடம் கிடைத்திருக்கிறது. வகுப்புத் தொடங்கமுன் தியறியிலும் கீபோர்டிலும் பிளேஸ்மன்ட் பரீட்சை இருக்கிறதாம். 8 வாரம்தான் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
- வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: பயப்படாதீர்கள். உங்களை எந்த வகுப்பில் இருத்துவது என்று பார்க்கத்தான் இந்தப் பரீட்சை. என்னென்ன கேட்பார்கள் என்று துறைக்கு இன்றே மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள்.

அடுத்தது, ட்ரான்ஸ்போஸ் பட்டனை 0-இல் விட்டு, பிறகு அதைத் தொடவே வேண்டாம். கேள்வி ஞானத்தில் வாசிப்பவர்கள் பலர் எல்லாப் பாட்டையும் சி மேஜரில் வாசித்துவிட்டு, பாடுபவரின் சுருதிக்குப் பட்டனைத் தட்டுவார்கள். பியானோவில் அந்தப் பட்டன் இல்லை.

தியறியில் பாதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. சங்கராபரணம்தான் மேஜர் ஸ்கேல், நடபைரவி நச்சுரல் மைனர், கீரவாணி ஹார்மோனிக் மைனர். 2 கட்டைச் சுருதியில் சங்கராபரணம் வாசியுங்கள்: டி, ஈ, எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி, சி ஷார்ப். அந்த இரண்டு ஷார்ப்தான் டி மேஜரின் கீ சிக்னேச்சர், அதாவது பாட்டின் தொடக்கத்தில் எழுதும் ஷார்ப், ஃப்ளாட் அடையாளம்.

புள்ளி போகிற இடம் பெயரிடுவதில். எஃப் மேஜரின் நாலாம் சுரத்தை ஏ ஷார்ப் என்று எழுதினால் கட்டை சரி, விடை பிழை. மேளகர்த்தா எனும் தாய் ராகத்தில் ஏழு சுரமும் ஒவ்வொன்று வருவதுபோல, இங்கே ஏழு எழுத்தும் ஒவ்வொரு முறை வரவேண்டும். ஏ வந்துவிட்டது, ஆகவே இது பி ஃப்ளாட். சதுஸ்ருதி ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஒரே கட்டையில் இருந்துகொண்டே இரண்டு பெயர் பெறவில்லையா, அதே கதைதான். இன்டர்வலிலும் (இரு சுரங்களுக்கு இடையிலான தூரம்) எழுத்தை முதலில் எண்ணுங்கள்: சி முதல் ஈ ஃப்ளாட் வரை மைனர் தேர்ட், சி முதல் டி ஷார்ப் வரை ஆக்மென்டட் செகண்ட்.

உங்களுக்கு உண்மையான வேலை ஸ்டாஃப், அதாவது சுரம் எழுதும் ஐந்து கோடுகளை வாசிப்பது, அதிலும் தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் க்ளெஃப். கீழிருந்து கோடுகள் ஜி, பி, டி, எஃப், ஏ. தினமும் 10 நிமிடம் கையால் எழுதி, வாய்விட்டுப் பெயர் சொல்லுங்கள். ஒரு நாளில் 1 மணி நேரம் உட்கார்ந்து, பிறகு 4 நாள் விடுவதில் பயனில்லை.

ஸ்கேல் வாசிக்கையில் விரலைக் கவனியுங்கள். பெருவிரல் 1, சுண்டுவிரல் 5 என்று எண்ணினால், சி மேஜரில் வலது கை 1-2-3 முடிந்ததும் பெருவிரல் உள்ளே போகும். அதே பழக்கத்தில் எஃப் மேஜர் வாசித்தால் பெருவிரல் பி ஃப்ளாட் கறுப்புக் கட்டையில் விழுந்து கை கோணும். அங்கே 1-2-3-4, பிறகு பெருவிரல். தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, முதலில் தனித்தனிக் கை.

ஒரு கோர்ட்டிலிருந்து (chord, சேர்த்து அழுத்தும் சுரக்கூட்டு) அடுத்ததுக்குக் கையைத் தூக்கித் தாவாதீர்கள். சி-ஈ-ஜி, பிறகு சி-எஃப்-ஏ, பிறகு பி-எஃப்-ஜி, மறுபடி சி-ஈ-ஜி: பொதுச் சுரம் அப்படியே நிற்க, மற்றவை பக்கத்துக் கட்டைக்கு நகரட்டும். இதை ஜி, எஃப், டி மேஜர்களிலும் செய்யுங்கள்.

கேள்வி: வீட்டில் 61 கட்டை கீபோர்ட்தான். போதுமா?
- அதே வாசகி

பதில்: இரண்டு ஒக்டேவ் ஸ்கேலுக்குத் தாராளம். ஆனால் பியானோவின் கட்டை கனமானது. பழகாத விரல் அரைவாசியில் களைத்துவிடும். ஆலய மண்டபத்திலோ பாடசாலையிலோ பியானோ இருந்தால், வாரம் இரண்டு தடவையாவது கேட்டு வாசியுங்கள். நமது கடற்காற்றில் அது சுருதி விலகியிருக்கக்கூடும். விரல் பலத்துக்கு அது பரவாயில்லை. காதுப் பயிற்சியை மட்டும் வீட்டுக் கீபோர்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.