ஆபரேட்டரும் செட்டரும்

அன்புள்ள சார்,

எனக்கு 36 வயது. பத்தாவது வரை படித்தேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் காண்ட்ராக்டில் இருந்தேன். ஆர்டர் குறைந்ததும் எங்களைத்தான் முதலில் நிறுத்தினார்கள். இப்போது பைக்கில் சாப்பாடு டெலிவரி. ‘சிஎன்சி ஆபரேட்டர் பயிற்சி, மூன்று மாதம், இலவசம், வேலை உறுதி’ என்று ஒரு பேனர் பார்த்தேன். மனைவி போகச் சொல்கிறாள். மூன்று மாத வருமானத்தை விட்டுவிட்டுப் படித்து, மறுபடியும் காண்ட்ராக்ட்தான் என்றால் எதற்கு?

பெயர் வேண்டாம், திருநின்றவூர்

அன்புள்ள நண்பருக்கு,

போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் சேருவதற்கு முன் அந்த மையத்துக்கு ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். சிஎன்சி மெஷின், அதாவது கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகத்தை வெட்டும் மெஷின், அங்கே ஓடுகிறதா, ஒரு மெஷினுக்கு எத்தனை பேர் என்று பாருங்கள். கம்ப்யூட்டர் திரையில் மட்டும் சொல்லிக்கொடுப்பதாக இருந்தால் வேறு இடம் தேடுங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நண்பரின் பட்டறையில் ஒரு பையன் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். 25 மில்லிமீட்டர் விட்டம் வர வேண்டிய முதல் பீஸை மைக்ரோமீட்டரில் அளந்தான். 25.04. மெஷின் திரையில் ஆஃப்செட் பக்கத்தை, அதாவது வெட்டும் டூல் நிற்கும் இடத்தைத் திருத்தும் பக்கத்தைத் திறந்து, விட்டத்துக்கான எக்ஸில் மைனஸ் 0.04 போட்டான், அடுத்த பீஸ் சரியாக வந்தது. பக்கத்து மெஷினில் இருந்தவருக்கு பீஸை மாட்டிக் கழற்றத்தான் தெரியும். அளவு மாறினால் இந்தப் பையனைத்தான் கூப்பிடுவார். அவர் ஆபரேட்டர், இவன் செட்டர். ஆர்டர் குறைந்தாலும் செட்டரை அனுப்ப முதலாளிக்கு அவ்வளவு சீக்கிரம் மனசு வராது. அதனால் ஆஃப்செட், டூல் மாற்றுவது, டிராயிங் படிப்பது, இந்த மூன்றும் பாடத்தில் உண்டா என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

காண்ட்ராக்ட் பயம் நியாயமானது. ‘வேலை உறுதி’ என்பது பல இடங்களில் அப்ரென்டிஸாகவோ டிரெய்னியாகவோ எடுப்பதுதான். 1961 அப்ரென்டிஸ் சட்டப்படி அப்ரென்டிஸ் தொழிலாளி ஆகமாட்டார். பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டும் என்ற பொதுவான கட்டாயமும் கம்பெனிக்கு இல்லை. எனவே போன பேட்ச் ஆட்கள் இரண்டு பேர் நம்பர் வாங்கி, அவர்களிடமே பேசுங்கள். நம்பர் தரத் தயங்கினால் அதுவே பதில். நோக்கியா 2014இல் ஸ்ரீபெரும்புதூரிலும், ஃபோர்டு 2022இல் மறைமலை நகரிலும் உற்பத்தியை நிறுத்தியதை நாம் எல்லோரும் பார்த்தோம். எந்தக் கம்பெனியும் நிரந்தரம் இல்லை. அடுத்த கம்பெனி கேட்டில் காட்ட ஒரு கைத்தொழில் வேண்டும்.

பணம்தான் பெரிய பிரச்சினை, அதில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. இந்தப் பயிற்சிகள் பெரும்பாலும் இருபது வயதுப் பையனை மனதில் வைத்துப் போடப்பட்டவை. அவனுக்கு அம்மா சோறு போடுவார். வாடகை, பள்ளிக் கட்டணம் கட்டுகிறவருக்கு ஃபீஸ் இல்லை என்றால் போதாது, மாதச் சம்பளத்தில் பாதியாவது உதவித்தொகை வேண்டும். வேலை இழந்தவர்களுக்கென்று பயிற்சி நடத்தும் அரசு இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. உங்கள் அளவில், காலை பேட்ச் கிடைத்தால் இரவு டெலிவரியை விடாதீர்கள். திருநின்றவூரிலிருந்து ரயிலில் வந்து பட்டரவாக்கத்தில் இறங்கினால் எஸ்டேட் பக்கம்தான்.

இன்னொன்று. அரசு ஐடிஐயில் ஆண்களுக்கு 40 வயது வரை இடம் உண்டு, பெண்களுக்கு உச்ச வரம்பே இல்லை. ஃபிட்டர், டர்னர் இரண்டு வருடம், வெல்டர் ஒரு வருடம். 71 அரசு ஐடிஐக்களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து புது மெஷின்களோடு மேம்படுத்தியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் மோல்டிங் பிடிக்கும் என்றால் கிண்டியில் 1968 முதல் சிபெட் என்ற மத்திய அரசின் பிளாஸ்டிக் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. உங்களால் இரண்டு வருடம் முடியாது, புரிகிறது. ஆனால் உங்களைப் போகச் சொல்கிற உங்கள் மனைவிக்கே ஐடிஐயில் படிக்கும் ஆசை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

மையத்தில் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.