பிஎச்பி செஷனில் டேட்டாபேஸ் கனெக்‌ஷனோடு ஆப்ஜெக்ட்டை வைக்கலாமா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்ட ஆபீஸுக்குப் பெரட்டுப் பதிவும் (காலையில் ஆள் கணக்கெடுப்பது) செம்பனைக் குலை எடையும் ஏற்றும் வெப்சைட். மண்டோர் (வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணி) லாகின் செய்ததும் அவருடைய ஆப்ஜெக்ட்டைச் செஷனில் போட்டால் ‘சீரியலைசேஷன் ஆஃப் பிடிஓ இஸ் நாட் அலவ்ட்’ என்று வருகிறது. பெர்சிஸ்டண்ட் கனெக்‌ஷன் (பக்கம் முடிந்தும் மூடாமல் வைத்திருப்பது) போட்டால் சரியாகுமா?

ஆகாது தம்பி. அது வேறு, இது வேறு.

செஷன் என்பது லாகின் செய்தவரைப் பக்கம் விட்டுப் பக்கம் நினைவில் வைக்கும் இடம். அதன் ஃபைலில் போவது வெறும் எழுத்துதான், அப்படி எழுத்தாக்குவதுதான் சீரியலைசேஷன். பெயர், எண், தேதி எல்லாம் எழுத்தாகிவிடும். கனெக்‌ஷன் அப்படியில்லை. அந்த ஒரு ப்ராசஸ் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் சர்வரோடு திறந்து வைத்திருக்கும் சாக்கெட் அது, எழுதி வைத்து நாளைக்கு எடுக்க முடியாது. அதனால்தான் பிடிஓ, அதாவது பிஎச்பியில் டேட்டாபேஸோடு பேசும் கிளாஸ், மறுக்கிறது.

எரர் எந்த வரி என்று தேடிக் களைத்திருப்பீர்கள். செஷன் எழுதப்படுவது ஸ்கிரிப்ட் முடியும்போது. அதனால் லாகில் ‘நோ ஆக்டிவ் ஃபைல்’, வரி எண் 0 என்றுதான் இருக்கும். லாகின் பக்கம் ஒழுங்காகத் தெரியும், அடுத்த பக்கத்தில் மண்டோரை யாரென்றே தெரியாது என்று துரத்திவிடும். செஷனில் போட்ட வரிக்கு அடுத்தே செஷன் ரைட் குளோஸை (செஷனை உடனே எழுதச் சொல்லும் ஃபங்ஷன்) கூப்பிட்டுப் பாருங்கள், எரர் அந்த இடத்திலேயே வந்து நிற்கும். பிறகு ஆப்ஜெக்ட்டை வார்-டம்ப் செய்து உள்ளே இருப்பதைப் பாருங்கள். மண்டோருக்குள் கூலிக் கணக்கு, அதற்குள் அட்டவணை படிக்கும் கிளாஸ், அதற்குள் பிடிஓ என்று மூன்றாவது அடுக்கில் ஒளிந்திருக்கும்.

செஷனில் மண்டோரின் ஐடியை மட்டும் வையுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கனெக்‌ஷன் திறந்து, அந்த ஐடிக்கு ஒரு செலக்ட் போட்டு விவரத்தைப் படியுங்கள். பிரைமரி கீயில் தேடுவது சர்வருக்கு ஒரு சுமையே இல்லை. முழு ஆப்ஜெக்ட்டை வைத்தால் இன்னொரு கேடும் உண்டு: கிராணி (ஆபீஸ் குமாஸ்தா) மதியம் கூலி விகிதத்தை மாற்றினாலும், காலையில் லாகின் செய்தவரின் செஷனில் பழைய விகிதமே ஓடும். கணக்கு பிசகுவது தொழிலாளியின் சம்பளத்தில்.

ஆப்ஜெக்ட்டாகவே வைத்தாக வேண்டுமென்றால், பிஎச்பி 7.4 முதல் இருக்கும் சீரியலைஸ், அன்சீரியலைஸ் மேஜிக் மெத்தட்களை (எழுதும்போதும் எடுக்கும்போதும் பிஎச்பி தானே கூப்பிடுபவை) எழுதி, வேண்டிய புலங்களை மட்டும் திருப்பித் தாருங்கள். அன்சீரியலைஸுக்குள் கனெக்‌ஷன் திறக்காதீர்கள். டேட்டாபேஸே தேவைப்படாத பக்கத்திலும் அது திறந்துகொள்ளும்.

‘லாரவெல் போட்டால் இந்தத் தலைவலி இல்லை’ என்று கீழே எழுத வருபவர்களுக்கு: லாரவெல் என்ற பிஎச்பி ஃபிரேம்வொர்க்கின் கியூவில் (பிறகு செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை) சீரியலைஸஸ் மாடல்ஸ் செய்வதும் இதையேதான். மாடலின் ஐடியை எழுதி வைத்து, வேலை ஓடும்போது மறுபடி படிக்கிறது.

பெர்சிஸ்டண்ட் கனெக்‌ஷன் செஷனில் தங்குவதில்லை, பிஎச்பி ப்ராசஸில் தங்குகிறது. மைஎஸ்கியூஎல்லின் இயல்பான உச்சவரம்பு 151 கனெக்‌ஷன். பிஎச்பி ப்ராசஸ்களை ஓட்டும் எஃப்பிஎம்மில் 50 சைல்டு ப்ராசஸ் வீதம் நாலு பூல் (ப்ராசஸ் குழு) இருந்து, எல்லாம் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டால் எரர் 1040, ‘டூ மெனி கனெக்‌ஷன்ஸ்’. லாக் டேபிள்ஸ் போட்ட பூட்டும் தற்காலிக அட்டவணையும் அடுத்து வருபவர் தலையில் விழலாம். சின்ன ஆபீஸுக்கு இது வேண்டாம்.

எடைப்பாலத்தைப் படிக்க நிற்காமல் ஓடும் ஸ்கிரிப்ட் ஏதும் வைத்திருந்தால் கவனம். மைஎஸ்கியூஎல்லின் இயல்பான வெயிட் டைம்அவுட் (சும்மா கிடக்கும் கனெக்‌ஷனை விட்டுவைக்கும் நேரம்) 28800 விநாடி, அதாவது 8 மணி நேரம். சாயங்காலம் கடைசி லோரி போனபின் காலைவரை சும்மா கிடந்தால் சர்வர் அறுத்துவிடும், முதல் லோரிக்கே 2006 எரர், அதாவது சர்வர் போய்விட்டது என்று வரும். எடைச் சீட்டு ஒவ்வொன்றுக்கும் திறந்து மூடுங்கள். மூட பிடிஓவை நல் (வெற்று மதிப்பு) ஆக்கினால் மட்டும் போதாது, ஸ்டேட்மெண்ட்டையும் நல் ஆக்க வேண்டும். கனெக்‌ஷன் விவரம் எழுதும் டிஎஸ்என்னிலேயே யுடிஎஃப்8எம்பி4 என்ற எழுத்துக் குறிமுறையைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக வந்து நிற்கலாம்.

கேட்காததையும் சொல்கிறேன். இந்த மாதிரி வேலையை நம் ஊர்ப் பிள்ளை செய்தால் ‘தெரிஞ்ச பையன்தானே’ என்று ஓசியில் வாங்கிக்கொள்கிறார்கள், பிரிண்டர் ரிப்பேரும் சேர்த்து. வெளியூர்க் கம்பெனி பில் அனுப்பினால் மறுபேச்சு இல்லை. நீங்கள் காசு கேளுங்கள்.

ப்ரோக்ராம் கோடிங்கை மாற்றி ஏற்றியதும் பழைய செஷன் ஃபைல்களை அழித்துவிடுங்கள், அவற்றில் பழைய கிளாஸின் வடிவம் கிடக்கும். எல்லோரும் மறுபடி லாகின் செய்ய வேண்டிவரும், ஆகவே பெரட்டு நேரத்தில் வேண்டாம், கடைசி லோரி எடை போட்டபின் செய்யுங்கள்.