வார்டில் பாடம் எடுக்கும் பிஜிக்கள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நான் தமிழ்நாட்டில் ஒரு மருத்துவக் கல்லூரியில், பொது மருத்துவத் துறையில் பதினெட்டு வருடமாகப் பாடம் எடுக்கிறேன். எம்பிபிஎஸ் மாணவர்களோடும் ஹவுஸ் சர்ஜன்களோடும் (படிப்பு முடித்துப் பயிற்சியில் இருப்பவர்கள்) வார்டில் அதிக நேரம் நிற்பது பிஜிக்கள்தான் (எம்டி மாதிரி முதுநிலைப் படிப்பில் இருக்கும் டாக்டர்கள்), அதனால் அதிகம் சொல்லிக்கொடுப்பதும் அவர்கள்தான். ஆனால் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று அவர்களுக்கு யாரும் காட்டிக் கொடுப்பதில்லை. இதைப் பற்றிக் கேளுங்கள் என்று போன வாரம் சொன்னதும் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எம்டி சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. யூனிட் சீஃப் திடீரென்று "தேர்ட் இயர் பசங்களுக்கு இன்றைக்கு கிளினிக்ஸ் எடுத்துவிடு" என்று, அதாவது நோயாளியை வைத்து வகுப்பு எடுக்கச் சொல்லிவிட்டார். எனக்கே பாதி தெரியாது, நான் என்ன எடுப்பது?

ஒரே ஒரு விஷயம் எடுங்கள். "வயிற்றுப் பரிசோதனை" என்று மொத்தமாக எடுக்க வேண்டாம், மண்ணீரலைத் தொட்டுப் பார்ப்பது எப்படி என்று மட்டும் எடுங்கள். மாணவர்கள் பெரும்பாலும் இடது விலா எலும்புக்குக் கீழே நேராகக் கையை வைத்துவிடுவார்கள். நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியா மாதிரி நோய்களில் மண்ணீரல் தொப்புளையும் தாண்டி வந்திருக்கும், அப்போது கை அதன் மேலேயே கிடக்கும், ஓரம் கிடைக்காது, "ஒன்றும் இல்லை சார்" என்று எழுந்துவிடுவார்கள். அதனால்தான் வலது இடுப்புக் குழியிலிருந்து தொடங்கி, நோயாளி மூச்சை இழுக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக இடது மேல்பக்கம் நகர வேண்டும். இதை நீங்கள் செய்து காட்டி, நான்கு மாணவர்களையும் தனித்தனியாகச் செய்யவைத்து, அவர்கள் கை எங்கே போகிறது என்று பார்த்தாலே முக்கால் மணி நேரம் சரியாக இருக்கும்.

பாதி தெரியாது என்று கவலைப்படுகிறீர்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு முன்னால் உங்களுக்கு எந்த இடத்தில் குழம்பியது என்று உங்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும், சீஃபுக்கு அது மறந்து போயிருக்கும். அந்த ஞாபகம் உங்களிடம் இருக்கும் பெரிய பலம். மாணவர் கேட்பதற்குப் பதில் தெரியாவிட்டால் "தெரியாது, நாளைக்குப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்று சொல்லுங்கள், மறுநாள் கட்டாயம் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால்தான் மரியாதை போகும்.

கேள்வி: அட்மிஷன் டே அன்று ராத்திரி முப்பது கேஸ் வருகிறது. ஹவுஸ் சர்ஜனுக்குச் சொல்லிக்கொடுக்க நேரம் எங்கே இருக்கிறது?

ஐந்து நிமிடம் போதும், நிஜமாகவே. 1992ல் அமெரிக்காவில் குடும்ப மருத்துவம் கற்பித்தவர்கள் சிலர் "ஒன் மினிட் ப்ரீசெப்டர்" என்று ஒரு முறையை எழுதினார்கள், பிஸியான ஓபியில் கற்பிப்பதற்காகவே வந்த முறை அது. நம் ஊர் கேஸ் ஒன்றை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும்.

ஏழு நாள் காய்ச்சலோடு ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி வருகிறார், ஹவுஸ் சர்ஜன் பார்த்துவிட்டு உங்களிடம் சொல்கிறார். உடனே நீங்கள் டயக்னோசிஸைச் சொல்லிவிடாதீர்கள். முதலில் "நீங்க என்னன்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். "டெங்கு சார்" என்கிறார். "எதை வைத்து?" என்று கேளுங்கள். "பிளேட்லெட் எழுபதாயிரம்தான் இருக்கு" என்கிறார். இப்போது அவர் எங்கே நிற்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. பிளேட்லெட்டைப் பார்த்தார், உடம்பைப் பார்க்கவில்லை. இப்போது ஒரே ஒரு பொது விதியைச் சொல்லுங்கள்: ஐந்து நாளைத் தாண்டிய காய்ச்சல் என்றால் அக்குள், தொடை இடுக்கு, பெண்களுக்கு மார்பின் கீழ்மடிப்பு எல்லாவற்றையும் விலக்கிப் பார்க்க வேண்டும், ஸ்க்ரப் டைஃபஸில் (ஒரு சின்னப் பூச்சி கடித்து வரும் காய்ச்சல்) வரும் எஸ்கார் என்ற கறுத்த பொருக்கு வலிக்காது, அதனால் நோயாளியாக அதைச் சொல்லமாட்டார். பிளேட்லெட் டெங்கு, ஸ்க்ரப் டைஃபஸ் இரண்டிலும் குறையும். அப்புறம் அவர் சரியாகச் செய்ததைச் சொல்லுங்கள் ("பிரஷர் குறைவா இருந்ததைப் பார்த்ததும் உடனே ஃப்ளூயிட் ஆரம்பிச்சீங்க, அது நல்ல முடிவு"), தவறவிட்டதையும் சொல்லுங்கள், பிறகு இருவரும் சேர்ந்து போய் அந்த நோயாளியின் அக்குளைப் பாருங்கள்.

எஸ்கார் கிடைத்து, டாக்சிசைக்ளின் போட்டு, இரண்டு நாளில் காய்ச்சல் இறங்குவதைத் தன் கண்ணால் பார்த்த ஹவுஸ் சர்ஜன் வாழ்நாளில் அதை மறக்கமாட்டார். அந்த விஷயத்தை ஒரு மணி நேர லெக்சரில் கேட்டவருக்கு அது அப்படி மனதில் நிற்பதை நான் பார்த்ததில்லை.

கேள்வி: ஏபிஜி எடுப்பது (மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுப்பது), ரைல்ஸ் ட்யூப் போடுவது (மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விடுவது) இதையெல்லாம் "ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைச் சொல்லிக்கொடு" என்றுதான் நாங்கள் கற்றோம். அதில் என்ன தப்பு?

ஒன்றே ஒன்றைப் பார்த்துவிட்டுச் செய்பவரின் ஊசி ஒரு மனிதரின் மணிக்கட்டில் ஏறுகிறது, அதுதான் தப்பு. ஸ்கில்ஸ் லேப் எல்லாக் கல்லூரியிலும் இருந்தாக வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையமே (என்எம்சி) சொல்லியிருக்கிறது, பல இடங்களில் அது பூட்டித்தான் கிடக்கிறது. சாவியை வாங்கித் திறந்து, அங்கே இருக்கும் பொம்மைக் கையில் பெய்ட்டன் நான்கு படி முறையில் சொல்லிக்கொடுங்கள். முதலில் பேசாமல், வழக்கமான வேகத்தில் நீங்கள் செய்து காட்டுங்கள். இரண்டாவது முறை ஒவ்வொன்றையும் விளக்கிச் செய்யுங்கள். மூன்றாவது முறை மாணவர் சொல்லச் சொல்ல நீங்கள் செய்யுங்கள். நான்காவதாக அவரே சொல்லிக்கொண்டு செய்யட்டும்.

மூன்றாவது படியை எல்லோரும் நேரம் இல்லை என்று தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் உயிர். "இப்போ ஊசியைக் குத்துங்க சார்" என்று அவர் சொல்லும்போது ஆலன் டெஸ்ட்டை (கைக்கு இன்னொரு தமனி வழியாகவும் ரத்தம் வருகிறதா என்று முதலில் பார்ப்பது) மறந்துவிட்டார் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும், யாருக்கும் வலிக்காமல்.

கேள்வி: எங்கள் சீனியர் பிஜி நோயாளி முன்னாலேயே திட்டுவார். நாங்களும் அப்படித் திட்டு வாங்கித்தானே படித்தோம், அதில்தான் ஆள் உருப்படுவான் என்கிறார். உண்மையா?

இல்லை. நான் பிஜியாக இருந்தபோது ஒரு சீனியர் கேஸ் ஷீட்டை என் முகத்துக்கு நேராக வீசினார், வார்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் விட்ட தவறு பொட்டாசியம் ரிப்போர்ட்டைப் பார்க்காதது. அதற்குப் பிறகு பொட்டாசியத்தை ஒழுங்காகப் பார்த்தேனா என்றால் பார்த்தேன், ஆனால் சந்தேகம் வந்தால் அவரிடம் போய்க் கேட்பதை நிறுத்திவிட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு எனக்குப் புரியாத ஈசிஜி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அவருக்கு ஃபோன் செய்யப் பயந்து விடியும்வரை நின்ற நாள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நல்லவேளையாக அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. திட்டின் விலையைக் கடைசியில் நோயாளிதான் கொடுக்கிறார்.

ஜூனியரின் கை தவறான இடத்தில் ஊசியைக் கொண்டுபோனால் அந்த இடத்திலேயே தடுங்கள், அதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். மற்றதையெல்லாம் ட்யூட்டி ரூமில் தனியாகச் சொல்லுங்கள். "நீ சரியில்லை" என்று சொன்னால் அவரால் எதையும் திருத்த முடியாது. "பொட்டாசியம் 6.2 என்று நாலு மணிக்கே வந்திருக்கு, ஏழு மணி வரைக்கும் யாரும் பார்க்கல, என்ன ஆச்சு?" என்று கேட்டால் பதில் வரும். சில சமயம் லேப் ரிப்போர்ட் வேறு வார்டுக்குப் போயிருக்கும்.

கேள்வி: எங்கள் யூனிட்டில் ராஜஸ்தானிலிருந்து வந்த பிஜி ஒருவர் இருக்கிறார். நல்ல அறிவாளி, தமிழ் சுத்தமாக வராது. அவர் எப்படி மாணவர்களுக்கு வார்டில் எடுப்பார்?

அரசுக் கல்லூரி பிஜி இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டில் போகிறது, அதனால் இது எல்லா ஊரிலும் இருக்கும் விஷயம். எங்கள் யூனிட்டில் தமிழ் தெரிந்த மாணவரை ஹிஸ்டரி எடுக்கவைப்போம், அவர் பிஜிக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். "நெஞ்சு படபடன்னு அடிக்குது", "நெஞ்சைக் கரிக்குது", "நெஞ்சை அடைக்குது" மூன்றும் மூன்று வேறு விஷயம் என்று மாணவர் விளக்கும்போது அவருக்கே அது தெளிவாகிறது. பிஜி பரிசோதனையையும் காரண காரியத்தையும் எடுக்கிறார். ஆறு மாதத்தில் அவருக்கும் தமிழ் வந்துவிடும், அதுவரை மாணவர்கள் அவருக்கு ஆசிரியர்கள். அதை அவர் கூச்சமில்லாமல் ஏற்றுக்கொண்டால் வகுப்பே மாறிவிடும்.

கேள்வி: நான் அசிஸ்டென்ட் புரொஃபசர். என் பிஜிக்கள் நல்ல ஆசிரியர்களாக வர வேண்டும் என்று ஆசை. தனியாகப் பட்ஜெட் எல்லாம் கிடையாது. எங்கிருந்து தொடங்குவது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஒரு நாள் வொர்க்‌ஷாப் வைத்து, ஃபோட்டோ எடுத்து, சர்டிஃபிகேட் கொடுத்து அனுப்புவதோடு பலர் முடித்துவிடுகிறார்கள். வொர்க்‌ஷாப் வேண்டாம் என்று சொல்லவில்லை, எம்டி சேர்ந்த முதல் மாதத்தில் அரை நாள் வையுங்கள். ஆனால் நீச்சல் வகுப்பைக் கரையில் நடத்திவிட்டு ஆற்றில் தள்ளிவிடுகிற கதையாக அது ஆகிவிடக் கூடாது.

உங்கள் பிஜி பாடம் எடுக்கும்போது நீங்கள் போய்ப் பாருங்கள். மாதம் ஒருமுறை, பத்தே நிமிடம், பின்னால் நின்று, வாயைத் திறக்காமல். வாயைத் திறக்காமல் என்பது ரொம்ப முக்கியம். நடுவில் நீங்கள் திருத்தினால் மாணவர்கள் எல்லோரும் உங்கள் பக்கம் திரும்பிவிடுவார்கள், அவருடைய வகுப்பு அதோடு முடிந்தது. வெளியே வந்ததும் முதலில் அவரையே "எப்படிப் போச்சு?" என்று கேளுங்கள், பிறகு நன்றாக இருந்த ஒன்று, மாற்ற வேண்டிய ஒன்று, அவ்வளவுதான். நான் அடிக்கடி சொல்லும் ஒன்று: கேள்வி கேட்டால் ஐந்து விநாடி காத்திருங்கள். பிஜிக்கள் கேள்வி கேட்டு அரை விநாடியில் அவர்களே பதிலையும் சொல்லிவிடுகிறார்கள், மௌனம் அவர்களுக்குப் பயமாக இருக்கிறது.

அடுத்தது நேரம். வாரத்தில் ஒரு மணி நேரம் அவருக்கு வகுப்பு என்றால், அந்த நேரத்தில் அவருடைய வார்டு வேலையை வேறொருவர் பார்க்க வேண்டும், அதை நீங்கள்தான் ரோஸ்டரில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தால் யாராலும் எடுக்க முடியாது. மாணவர்களிடம் பெயர் போடாத துண்டுச் சீட்டில் "என்ன புரிந்தது, எது இன்னும் புரியவில்லை" என்று எழுதி வாங்கி, அதை நேராக பிஜியிடமே கொடுங்கள், நீங்கள் பிரித்துப் படிக்காதீர்கள். இன்டர்னல் தேர்வுக்கு ஓஸ்கி (ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய்ச் செய்துகாட்டும் செய்முறைத் தேர்வு) வைத்தால் ஒரு ஸ்டேஷனை அவரே தயாரிக்கட்டும், மார்க் பட்டியல் உட்பட. எதற்கு மார்க் போடுவது என்று உட்கார்ந்து யோசித்தவர், எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதில் தெளிவாகிவிடுவார்.

மாவட்ட மருத்துவமனைக்கு டிஆர்பி என்ற மூன்று மாதப் பயிற்சிக்குப் போய் வருகிற பிஜியிடம், அங்கே ஸ்கேனும் சிறப்பு மருத்துவர்களும் பக்கத்தில் இல்லாதபோது பார்த்த ஒரு கேஸை எடுக்கச் சொல்லுங்கள். என் யூனிட்டில் இதுவரை நடந்த நல்ல வகுப்புகளில் சில அப்படி வந்தவைதான்.

கேள்வி: இதற்கென்று கோர்ஸ் எதுவும் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் ஆசிரியர் வேலையில் சேர்ந்த பிறகு. என்எம்சியின் அடிப்படை மருத்துவக் கல்விப் பயிற்சி அசோசியேட் புரொஃபசர் ஆவதற்குக் கட்டாயம். அதற்கு மேல் ஏசிஎம்இ என்ற ஒரு வருடப் படிப்பு, அதை நடத்தும் மையங்களில் வேலூர் சிஎம்சியும் ஒன்று. புதுச்சேரி ஜிப்மரில் ஆசிரியர் பயிற்சி மையம் 1970களிலிருந்தே இருக்கிறது. கோவை பிஎஸ்ஜியில் மருத்துவ ஆசிரியர்களுக்கான ஃபெய்மர் ஃபெலோஷிப் உண்டு. பிஜியாக இருக்கும்போது உங்கள் கல்லூரியின் மருத்துவக் கல்விப் பிரிவில் போய் "உட்கார்ந்து கேட்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். என்னிடம் அப்படிக் கேட்டு வந்த யாரையும் நான் அனுப்பிவிட்டதில்லை.

கேள்வி: நான் டாக்டர் இல்லை. போன வருஷம் அப்பா கல்லீரல் பிரச்சினையில் வார்டில் இருந்தார். காலையிலிருந்து பதினைந்து பேர் வந்து வயிற்றை அமுக்கிவிட்டுப் போனார்கள், யாரும் பெயர்கூடக் கேட்கவில்லை. படிக்க வேண்டியதுதான், ஆனால் இப்படியா?

அம்மா, இப்படி இல்லை. உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பிஜிக்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: முதல்நாள் மாலையே தனியாகப் போய் "ஐயா, நாளைக்கு நாலு பசங்க உங்களைப் பார்த்துப் படிக்கலாமா, வேண்டாம்னாலும் உங்க வைத்தியத்துல ஒரு குறையும் வராது" என்று கேட்க வேண்டும். ஒரு நோயாளியிடம் ஒரு நாளில் நான்கு பேருக்கு மேல் கூடாது. திரை போட வேண்டும், கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும், வலிக்கிறது என்றால் அந்த நொடியே எடுக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் பிஜி அங்கேயே நின்று, இவ்வளவு நேரம் இங்கிலீஷில் என்ன பேசினோம் என்று நோயாளிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். இதைச் செய்யாத பிஜி மறுநாள் என் யூனிட்டில் வகுப்பு எடுப்பதில்லை. உங்கள் அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?