லிங்க்கைச் சேர்த்தால் சர்வர் பூட் ஆக மறுக்கிறதே!

கேள்வி: அண்ணா, சிங்கப்பூர் தை செங்கில் ஒரு டேட்டா சென்டரில் வேலை பார்க்கிறேன். புது சர்வருக்கு இரண்டு கேபிள் போட்டு, சிஸ்கோ நெக்சஸ் ஸ்விட்ச்சில் எல்ஏசிபியில் (பல கேபிளை ஒரே லிங்க்காகச் சேர்க்கும் முறை) சேர்த்தேன். நெட்வொர்க் வழியாக பூட் செய்து லினக்ஸ் போடப் பார்த்தால் டிஎச்சிபி சர்வர் தானாகத் தர வேண்டிய ஐபி முகவரியே வரவில்லை. எல்ஏசிபியை எடுத்தால் உடனே வருகிறது. ஒவ்வொரு தடவையும் எடுத்துவிட்டுத்தான் போட வேண்டுமா?
(வாசகர், ஈசூன்)

பதில்: வேண்டாம் தம்பி. கேபிளிலும் கோளாறு இல்லை, டிஎச்சிபி சர்வரிலும் இல்லை. எல்ஏசிபியில் இரண்டு பக்கமும் பேசினால்தான் லிங்க் சேரும், ஆனால் சர்வரை ஆன் செய்ததும் ஓடுவது நெட்வொர்க் கார்டில் இருக்கும் சின்ன பிஎக்ஸ்இ (நெட்வொர்க் வழியாக பூட் செய்யும்) புரோகிராம், அதற்குப் பெரும்பாலும் எல்ஏசிபி தெரியாது, லினக்ஸ் வந்த பிறகுதான் பேச ஆள் வரும். அதுவரை பதில் கிடைக்காத ஸ்விட்ச் போர்ட்டை நிறுத்தி வைத்துவிடும். நானும் ஒருமுறை விடிகாலை இரண்டு மணிக்கு, குளிர் காற்று முகத்தில் அடிக்க, திரையில் 'பிஎக்ஸ்இ-இ51' (டிஎச்சிபி பதில் வரவில்லை) என்று வந்ததைப் பார்த்துக்கொண்டே மூன்று கேபிள் மாற்றினேன். கடைசியில் ஸ்விட்ச்சில் போர்ட்-சேனல் (சேர்த்த லிங்க்) சம்மரியைப் பார்த்தால், போர்ட் பெயருக்குப் பக்கத்தில் சின்ன 'எஸ்', அதாவது சஸ்பெண்ட். அதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் நெக்சஸில் அந்த போர்ட்-சேனலுக்கு 'நோ எல்ஏசிபி சஸ்பெண்ட்-இண்டிவிஜுவல்' போடுங்கள். அரிஸ்டாவில் இதற்கு 'எல்ஏசிபி ஃபால்பேக்', ஜூனிபரில் 'ஃபோர்ஸ்-அப்'. பதில் வராவிட்டாலும் போர்ட்டைத் தனியாக ஓட விடு என்பதுதான் எல்லாவற்றுக்கும் அர்த்தம்.

அப்புறம் இரண்டு விஷயம். பிஎக்ஸ்இ பெரும்பாலும் டேக் (எந்த விலான், அதாவது எந்தத் தனி நெட்வொர்க் பிரிவு என்ற அடையாளம்) இல்லாமல்தான் கேட்கும், அதனால் பூட் விலானை நேட்டிவ் விலானாக (டேக் இல்லாமல் வருவது சேரும் விலான்) வையுங்கள். ஸ்பானிங் ட்ரீயில் (நெட்வொர்க்கில் சுற்று உண்டாகாமல் தடுக்கும் முறை) அந்த போர்ட்டை எட்ஜ் (காத்திருக்காமல் உடனே திறக்கும் போர்ட்) ஆக்குங்கள், இல்லையென்றால் பழைய முறையில் 30 விநாடி காத்திருப்பதற்குள் பிஎக்ஸ்இ கைவிட்டுவிடக்கூடும்.

எல்ஏசிபியே வேண்டாம், ஸ்டாட்டிக்காக (இரு பக்கமும் பேசிக்கொள்ளாமலே) சேர்த்துவிடு என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். பிஎக்ஸ்இ கேட்டுக்கொண்டிருப்பது ஒரே ஒரு கார்டில், ஸ்விட்ச்சோ பதிலை இரண்டில் எந்தக் கேபிளில் வேண்டுமானாலும் அனுப்பும், ஒரு சர்வர் பூட் ஆகும், பக்கத்து சர்வர் ஆகாது, காரணம் தேடியே இரவு போய்விடும்.

மாற்றியதும் சம்மரியைப் பாருங்கள்: பூட் ஆகும்போது 'ஐ' என்று தனி போர்ட்டாக இருக்கும், லினக்ஸில் பாண்டிங் (இரண்டு கார்டையும் சேர்ப்பது) 802.3ஏடி முறையில், அதாவது எல்ஏசிபியில், ஏறியதும் இரண்டு போர்ட்டும் 'பி' ஆகிவிடும், அதாவது சேர்ந்துவிட்டது.